பூஜ்யத்தில் முடிந்த அளவுகள்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவசரத்தில் அது முகத்துக்கு முன்னாலும் வந்து விழும். "சந்தேகத்தைக் கூப்பிடு", "சந்தேகம் சாப்பிடப் போயிருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அவளுக்கு அதில் கோபம் இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே பாதி வழியில் திரும்பி ஓடி வந்து, குழாயை மூடினோமா என்று பார்த்துவிட்டுப் போன பெண் அவள். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்கள் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்து பழகியதால் எதற்கும் அசராதவர். "இவ சொர்க்கத்துக்கே போனாலும், உள்ளே போனதும் வாசல் கேட்டைப் பூட்டினாங்களான்னு திரும்பி வந்து பார்ப்பா" என்பார்.

ஆனால் அந்தக் குணம்தான் அவளுக்குச் சோறு போட்டது. மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்று உண்டு. வாயால் குடிக்கத் தெம்பில்லாத அந்தச் சிசுக்களுக்குச் சர்க்கரை, புரதம், கொழுப்பு, உப்புகள் எல்லாம் கலந்த திரவத்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். எந்தக் குழந்தைக்கு எதில் எவ்வளவு என்பதை எடையை வைத்துக் கணக்கிட்டு, லேபிளாக அச்சிட்டுக் கொடுக்க ஒரு புரோகிராம் இருந்தது. முன்பு அங்கே வேலை பார்த்த ஒரு டாக்டர் தன் ஆசைக்கு எழுதி வைத்தது. எழுதிய மொழியோ யாரும் சீண்டாத ஒரு சின்ன மொழி. டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த மொழி தெரிந்தவள் கட்டடத்தில் இவள் ஒருத்திதான் மிஞ்சினாள்.

புரோகிராம் என்பது தானாக எதையும் செய்யாது. அதை வரி வரியாகப் படித்து மெஷினைச் செய்ய வைக்க ஓர் இன்டர்பிரெட்டர் வேண்டும். அந்த இன்டர்பிரெட்டருக்கும் எல்லாம் தெரியாது. தசமக் கணக்குப் போட ஒரு லைப்ரரி, அச்சு இயந்திரத்தோடு பேச ஒரு லைப்ரரி என்று மற்றவர்கள் எழுதி வைத்தவற்றைத் தேடிப் பிடித்துக் கடன் வாங்கிக்கொள்ளும். எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று வரிசையாக ஒரு பாதை எழுதிக் கொடுத்திருப்பார்கள். கேட்ட பெயரில் முதலில் எது கண்ணில் படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு போய்விடும். அதற்குப் பின்னால் அதே பெயரில் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்காது.

அந்த வருடம் பழைய மெஷின் இருமத் தொடங்கியது. புதிது வாங்கினார்கள். இந்த இன்டர்பிரெட்டர் கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை. மூல நிரலை வைத்துக்கொண்டு புதிய மெஷினிலேயே பில்ட் செய்து, அதாவது ஓடக்கூடிய வடிவமாக்கி, எடுத்தாக வேண்டும். அவள் அதோடு மல்லுக்கட்டினாள். ஒரு பிழையைச் சரிசெய்தால் இன்னொன்று தலையைத் தூக்கும். இது கிடைக்கவில்லை என்று ஒரு தடவை, கிடைத்தது ஆனால் பொருந்தவில்லை என்று அடுத்த தடவை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பில்ட் முழுசாக ஓடி முடிந்தது. தன் லாகினில் இருந்தபடி எல்லா எடைகளையும் கொடுத்துத் திரையில் பார்த்தாள். பழைய மெஷினின் விடைகளோடு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போயின.

திங்கள் காலை புதிய மெஷினைப் பணியில் சேர்த்தார்கள். புரோகிராமை இனி அவள் இயக்கப் போவதில்லை. மெஷின் எழுந்ததும் தானாக ஓடும் சர்வீஸ் ஒன்றுதான் அதை இயக்கும். அது கிளம்பியதுமே நின்றுவிட்டது. அச்சு இயந்திரத்தின் லைப்ரரி எங்கே என்று தெரியவில்லையாம். மருந்துக் கலவை அறையின் தலைமை மருந்தாளுநர் அம்மாள் கைகட்டி நின்றாள். கணினிப் பிரிவுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அதிர்ந்தது. தங்கையின் பக்கத்து வீட்டுக்காரி. தங்கைக்குப் பிரசவ வலி வந்துவிட்டது, நாள் இன்னும் எவ்வளவோ இருக்கிறது, ஆம்புலன்ஸில் அழைத்து வந்துகொண்டிருக்கிறோம் என்றாள். தங்கையின் கணவன் சரக்குக் கப்பலில் இருந்தான். நடுக்கடலில் இருந்து அவனால் என்ன செய்ய முடியும்?

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய மெஷினின் டிஸ்க்கைப் புதியதில் அப்படியே நகலெடுத்து வைத்திருந்த ஃபோல்டர் ஞாபகம் வந்தது. அச்சு லைப்ரரி அதில் இருக்கும். அந்த ஃபோல்டரைச் சர்வீஸின் தேடு பாதையில், வரிசையின் முன்னால் சேர்த்தாள். சர்வீஸ் கிளம்பியது. லேபிள் அச்சாகி வெளியே வந்தது. தற்காலிக ஏற்பாடுதான், நாளைக்கு முறையாகச் செய்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே மகப்பேறு பிரிவுக்கு ஓடினாள்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. குழந்தை அன்று மாலையே பிறந்தது. பெண். தொள்ளாயிரத்து எண்பது கிராம். அழக்கூடச் சத்தம் வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஒரு விரல் தடிமனில் இருந்த கையில் குழாயைச் செருகினார்கள். அதன் பிறகு அவளுடைய நாட்கள் தங்கையின் கட்டிலுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் வீட்டுக்குமாக ஓடின. அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு, கால் நாள் விடுப்பு என்று தலையைக் காட்டிவிட்டுப் போனாள். லேபிள்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவது வாரம் தங்கையின் பேச்சு முழுக்க எடையைப் பற்றியே இருந்தது. பிறந்ததும் கொஞ்சம் குறைந்து பிறகு ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். குறைந்தது. ஏறத்தான் இல்லை. குழந்தை மருத்துவர் பொறுமையானவர். சில குழந்தைகள் மெதுவாகத்தான் ஏறும், கிருமி எதுவும் இல்லை, பார்க்கலாம் என்றார். "பார்க்கலாம்னா என்னக்கா அர்த்தம்?" என்று தங்கை கேட்டாள். அக்காவுக்கும் அதன் அர்த்தம் தெரியவில்லை. ஆனாலும் டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொன்னாள்.

ஒரு நாள் மதியம், கைகளைக் கழுவி, அங்கி மாட்டிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். தங்கை பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நின்றாள். அக்காவின் கண் மேலே தொங்கிய பைக்குப் போனது. அதில் ஒட்டியிருந்தது அவள் புரோகிராம் அச்சிட்ட லேபிள். புரதம், கொழுப்பு, சோடியம், கால்சியம் என்று வரிசையாக அளவுகள். எல்லாமே இரண்டு தசம இலக்கங்கள். எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தன.

ஒன்றிரண்டு அப்படி முடியலாம். மேலிருந்து கீழ்வரை ஒன்றுவிடாமல் அத்தனையுமா? அடுத்த பெட்டியின் பையை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் பூஜ்யம். நர்ஸிடம் மெதுவாகக் கேட்டாள். புது மெஷின் வந்ததில் இருந்து அப்படித்தான் வருகிறது, படிக்கச் சுலபமாக இருக்கிறது என்றாள் நர்ஸ்.

"இதோ வந்துடறேன்" என்று தங்கையிடம் சொன்னாள்.

"இப்பத்தானே வந்தே. எங்கேக்கா போற?"

"கொஞ்சம் வேலை."

தங்கை அவளைப் பார்க்காமல் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கணினிப் பிரிவுத் தலைவர் கெட்டவர் இல்லை. அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அச்சில் கடைசி இலக்கம் எப்படி வந்தால் என்ன, கலவை அறையில் அளவுகள் பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தானே கலக்கிறார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. உங்க தங்கச்சி குழந்தை உள்ளே இருக்கு. அரண்டவன் கண்ணுக்கு... உங்களுக்கே தெரியும். இன்னைக்கு அவங்க கூடப் போய் இருங்க."

அவள் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுதான் அவளைக் குடைந்தது. பூட்டிய கதவைத் திரும்பப் போய்ப் பார்க்கிற பழைய வியாதிதானா இது, இல்லை உண்மையிலேயே கதவு திறந்து கிடக்கிறதா? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. இந்த வாழ்க்கையில் அவள் சந்தேகப்பட்ட நூறு விஷயங்களில் தொண்ணூற்றெட்டு ஒன்றுமில்லாமல் போயிருக்கின்றன. அந்தக் கணக்கு அவளைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரியும்?

எழுந்து தன் இருக்கைக்குப் போனாள். குழந்தை பிறந்த எடையை மறுபடி எட்டும்வரை அந்த எடையை வைத்தே கணக்கு என்பதால், தொள்ளாயிரத்து எண்பது கிராம் என்று கொடுத்துப் புரோகிராமை ஓட்டினாள். அளவுகள் வந்தன. ஒன்று ஏழில் முடிந்தது, ஒன்று மூன்றில், இன்னொன்று ஆறில். லேபிளில் பார்த்ததைவிட ஒவ்வொன்றும் சற்று அதிகம்.

ஒரே புரோகிராம், ஒரே இன்டர்பிரெட்டர், ஒரே எடை. இங்கே ஒரு விடை, அங்கே ஒரு விடை. அப்படியானால் மாறியது எது? இங்கே ஓட்டியது அவள். அங்கே ஓட்டியது சர்வீஸ். அவளுடைய லாகினுக்கு ஒரு பாதை. சர்வீஸுக்கு வேறு பாதை. அது அன்று காலை தங்கைக்கு வலி என்று போன் வந்தபோது அவள் கையாலேயே எழுதியது.

ஓடிக்கொண்டிருந்த சர்வீஸ் எந்தெந்தக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது என்று மெஷினிடம் கேட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அச்சு லைப்ரரி பழைய ஃபோல்டரில் இருந்து வந்திருந்தது. அதை அவளே வரவழைத்தாள். அதற்குக் கீழே தசமக் கணக்கு லைப்ரரி. அதுவும் பழைய ஃபோல்டரில் இருந்தே வந்திருந்தது. என்றோ கழித்துப் போட்ட பதிப்பு ஒன்று அந்த நகலுக்குள் எங்கோ கிடந்திருக்கிறது. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. வகுத்தால் ஒரு தசமத்தோடு நிறுத்திவிட்டு மீதியை வெட்டி எறிகிற பதிப்பு அது. தொள்ளாயிரத்து எண்பது கிராமைக் கிலோவாக மாற்றும்போது அதற்குக் கிடைத்தது புள்ளி ஒன்பது. எண்பது கிராம் காற்றில் போயிற்று. சரியாகத் தொள்ளாயிரம் கிராம் உள்ள குழந்தைக்கு இந்த இடத்தில் நஷ்டம் இல்லை. ஆனால் ஒவ்வோர் அளவும் கடைசியில் இன்னொரு வகுத்தலில்தான் முடியும், அங்கேயும் இரண்டாவது இலக்கம் வெட்டுப்பட்டுப் பூஜ்யமாகியிருந்தது. அவள் தங்கை மகளுக்கு, பிறந்த நாள் முதல், எண்பது கிராம் குறைந்த, எங்குமே இல்லாத ஒரு குழந்தையின் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது.

கலவை அறைக்குப் போன் செய்தாள். மருந்தாளுநர் அம்மாள் எடுத்தாள். அன்றைய பைகளுக்கு லேபிள் அடித்தாகிவிட்டது, கலக்க உட்காரப் போகிறோம் என்றாள்.

"நிறுத்துங்க" என்றாள் இவள்.

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "சந்தேகமா, நிச்சயமா?"

கேலிக்குக் கேட்ட கேள்வி இல்லை அது. பல வருடங்களாக இவள் வாயில் இருந்து 'ஒருவேளை' இல்லாமல் ஒரு வாக்கியம் வந்து அந்த அம்மாள் கேட்டதில்லை.

"நிச்சயம். எல்லாக் குழந்தைக்கும் கம்மியாப் போகுது. நான் வச்ச பாதைதான் தப்பு."

"சரி. நான் கையால போட்டுப் பார்க்கறேன். நீங்க உங்க பக்கத்தைப் பாருங்க" என்று போனை வைத்துவிட்டாள் மருந்தாளுநர்.

கால்குலேட்டரை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் கையால் போட்ட கணக்கு இவளுடைய மேஜையில் வந்த விடையோடு பொருந்தியது. அன்றைய பைகளைக் கைக்கணக்கிலேயே, இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுச் சரிபார்த்து, கலப்பது என்று முடிவாயிற்று. வேலை இரட்டிப்பு. யாரும் முணுமுணுக்கவில்லை.

தலைவர் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். இப்போது அவர் முகத்திலும் ஈயாடவில்லை. பழைய ஃபோல்டரை வரிசையின் முன்னால் இருந்து எடுத்துப் பின்னால் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்டார். போதும்தான். ஒரு நிமிட வேலை. முதலில் நல்ல லைப்ரரி கண்ணில் படும், கணக்கு நேராகிவிடும். ஆனால் அந்த ஃபோல்டர் பாதையில் எங்கே இருந்தாலும், நாளைக்கு இன்னொரு பெயருக்கு இன்னொரு பழைய ஆள் எழுந்து வரமாட்டான் என்று என்ன நிச்சயம்? அவள் அந்த ஃபோல்டரையே மெஷினை விட்டு வெளியேற்றினாள். பிறகு அச்சு லைப்ரரியைப் புதிய மெஷினுக்கென்றே பில்ட் செய்ய உட்கார்ந்தாள்.

முதல் தடவை பில்ட் நடுவில் முறிந்தது. இரண்டாவது தடவை வேறு இடத்தில் முறிந்தது. அவசரத்தில் ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தாள். தங்கையிடம் இருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. மறுபடி வந்தது, அப்போதும் எடுக்கவில்லை. பழைய ஃபோல்டர் இருந்தவரை பில்ட் தனக்கு வேண்டியதை அங்கிருந்து ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. இப்போது அது போய்விட்டதால், என்ன இல்லை என்று வாய்விட்டுச் சொன்னது. சொன்னதை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியாக இன்டர்பிரெட்டரையும் மறுபடி பில்ட் செய்து, எந்த லைப்ரரி எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரியை அதற்குள்ளேயே பதித்துவிட்டாள். இனி அது யாரிடமும் வழி கேட்டு அலையாது.

சோதனையை இந்த முறை தன் லாகினில் செய்யவில்லை. மெஷினை அணைத்து, எழுப்பி, சர்வீஸைத் தானாகக் கிளம்பவிட்டு, லேபிளைக் காகிதத்திலேயே அடித்து எடுத்துக்கொண்டு கலவை அறைக்குப் போனாள். மருந்தாளுநர் அம்மாள் தன் கைக்கணக்கைப் படிக்கப் படிக்க, இவள் லேபிளில் விரல் வைத்துக்கொண்டு ஆமாம், ஆமாம் என்றாள். கடைசிக் குழந்தை வரை.

குழந்தை மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சத்து குறைந்திருக்கிறது, கூடிப் போகவில்லை. கூடியிருந்தால் கதை வேறு. எடை தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், சரியான அளவு போனால் ஈடுகட்டிக்கொள்ளும், நிலைத்த பாதிப்பு இருக்காது என்றே நினைக்கிறேன் என்றார். எல்லாப் பெற்றோரிடமும் தானே பேசுவதாகச் சொன்னார். அவள் தங்கையிடமும்.

"என் தங்கச்சிகிட்ட நான் சொல்லிடறேன் டாக்டர்" என்றாள்.

தங்கை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். லைப்ரரி, பாதை என்றெல்லாம் சொல்லவில்லை. குழந்தைக்குப் போக வேண்டிய சாப்பாட்டைக் கணக்குப் பண்ணுகிற மெஷின் கொஞ்சம் குறைத்துக் கணக்குப் பண்ணிவிட்டது, கண்டுபிடித்துச் சரிசெய்தாகிவிட்டது என்றாள்.

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். "மெஷின் தானாவா தப்பு பண்ணுச்சு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"இல்ல. நான் பண்ணதுதான். அன்னைக்கு உனக்கு வலின்னு போன் வந்ததும் அரைகுறையா வச்சுட்டு ஓடி வந்துட்டேன்."

தங்கை தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். "நீ போக்கா. நான் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னபோது அவர் வழக்கமான கிண்டலை எடுக்கவில்லை. முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன் ஒருவனாவது இடிக்காமல் ஓட்டக் கற்றிருக்கிறானா என்று கேட்டார். அது ஆறுதலாக இல்லை. ஆனால் அவர் எழுந்து போய், அவள் கேட்காமலே, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

தங்கை அதன் பிறகு அவளிடம் சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கிக்கொள்வாள், துவைத்த துணியை வாங்கிக்கொள்வாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். அவளும் வற்புறுத்தவில்லை. தினமும் வேலைக்கு வந்ததும் முதல் லேபிளைப் போய்ப் பார்த்துவிட்டு, கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கமே நின்று குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனாள். அலுவலகத்தில் நடந்ததை விளக்கச் சொன்னார்கள். விளக்கினாள். சர்வீஸாக ஓட்டிப் பார்க்காமல் இனி எதையும் பணியில் சேர்ப்பதில்லை என்று தலைவர் ஒரு விதி வைத்தார். அதைச் சொன்னபோது அவர் அவளைப் பார்க்கவில்லை, தன்னையும் சேர்த்தே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

எடை ஏறியது. முதலில் கண்ணுக்குத் தெரியாத அளவு, பிறகு ஒரு நாள் நர்ஸே சிரித்துக்கொண்டு சொல்கிற அளவு. ஒரு மதியம் அவளுடைய போனில் தங்கையின் செய்தி வந்தது. அதில் ஒரு வார்த்தை இல்லை. 'ஆயிரத்து நாற்பது' என்ற எண் மட்டும் இருந்தது. அவள் அதைக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து வேலையைப் பார்த்தாள்.

குழந்தையைப் பெட்டியில் இருந்து வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன நாளில், தங்கை வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, வாசலில் தயங்கி நின்றவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"வா. வந்து வாங்கிக்கோ."

அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. நாற்காலியை ஆட்டிப் பார்த்தாள். சுவரை ஒட்டி இழுத்துப் போட்டாள். முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை கேட்டாள், அது சரியாக நிற்கவில்லை என்று இன்னொன்றும் கேட்டாள். பிறகு உட்கார்ந்து, நர்ஸைப் பார்த்து, கழுத்தை எங்கே பிடிக்க வேண்டும் என்று மறுபடியும் கேட்டாள்.

"வாங்குக்கா. கை வலிக்குது எனக்கு" என்று சொல்லிவிட்டுத் தங்கை சிரித்தாள்.